முதல் வரிசையில் தனியே ஒரு மாணவி

நம் கல்லூரியில் முதலாண்டு பிசிக்ஸ் லேப் முடித்த யாருக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மறக்க முடியாது. இருட்டறை, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம், வெர்னியரைப் படிக்க ஒரு லென்ஸ், ரீடிங் எழுதிக்கொள்ள ஒரு பார்ட்னர். அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் வரவேண்டும். வராவிட்டால் வரவழைக்கப்படும். எப்படி என்பதை மலரில் அச்சிட வேண்டாம். சீனியர்கள் ஜூனியர்களுக்கு வாய்மொழியாகவே சொல்லிக்கொடுத்து வரும் கலை அது.

இந்தக் கருவியால் என்ன பிரயோஜனம் என்று யாரும் சொன்னதில்லை. வைவாவில் கேட்டதும் இல்லை. சூரியன் எதனால் ஆனது என்று மனிதன் தெரிந்துகொண்டதே இதன் பெரியண்ணன்களை வைத்துத்தான். தெரிந்து சொன்னவர், அப்போது 25 வயதுகூட நிரம்பாத ஓர் ஆய்வு மாணவி. பெயர் சிசிலியா பெய்ன். வானியல் படிப்பவர்களுக்கு இன்று நன்றாகத் தெரிந்த பெயர். நம்மைப் போன்ற சிவில், மெக்கானிக்கல் ஆசாமிகளுக்கும் தெரிந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

சிசிலியா 1900-ம் ஆண்டு மே 10-ம் தேதி இங்கிலாந்தில் வென்டோவர் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை வக்கீல், சரித்திர ஆராய்ச்சியும் சங்கீதமும் உண்டு. குழந்தைக்கு நாலு வயதாகும்போதே அவர் காலமானார். தாயார்தான் மூன்று பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். பள்ளியில் படிக்கும்போதே இந்தப் பெண் ஒரு பரிசோதனை செய்திருக்கிறார். பரீட்சைப் பாடங்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் கடவுளிடம் வேண்டிக்கொண்டார். வேண்டாத பாடங்களில் மார்க் கூட வந்தது! இதனால் அவருடைய பக்தி என்ன ஆயிற்று என்பது வேறு விஷயம். எதையும் செய்து பார்த்து முடிவு கட்டும் குணம் அப்போதே இருந்தது.

கடைசி வருஷம் லண்டனில் செயின்ட் பால் பெண்கள் பள்ளிக்கு மாறினார். அங்கே சங்கீத ஆசிரியர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், உலகப் புகழ் பெற்ற இசையமைப்பாளர். இந்தப் பெண் சங்கீதத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். சிசிலியா சயன்ஸ் பக்கமே நின்றார். 1919-ல் ஸ்காலர்ஷிப் கிடைத்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான நியூன்ஹம் கல்லூரியில் சேர்ந்தார். எடுத்த பாடங்கள் தாவரவியல், இயற்பியல், வேதியியல். செடி கொடிகள்தான் முதல் காதல்.

அந்த வருஷம் மே 29-ம் தேதி முழு சூரிய கிரகணம். ஆர்தர் எடிங்டன் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய பிரின்சிபே தீவுக்குப் போய், சூரியனுக்கு அருகே தெரிந்த நட்சத்திரங்களைப் படம் பிடித்து, ஐன்ஸ்டைன் சொன்னபடி ஒளி வளைகிறது என்று காட்டிவிட்டுத் திரும்பியிருந்தார். டிரினிட்டி கல்லூரியின் பெரிய ஹாலில் அவர் சொற்பொழிவு. நியூன்ஹம் கல்லூரிக்கு வந்த டிக்கெட் மொத்தம் நாலே நாலு. டிக்கெட் கிடைத்த தோழி ஒருத்தியால் கடைசி நேரத்தில் போக முடியவில்லை. அந்த டிக்கெட் சிசிலியாவுக்கு வந்தது. கேட்டுவிட்டு அறைக்குத் திரும்பியவர், சொற்பொழிவு முழுவதையும் ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை எழுதி வைத்துவிட்டார். மூன்று ராத்திரி தூக்கமில்லை. தாவரவியல் போதும், இனி இயற்பியல்தான் என்று தீர்மானம் ஆகிவிட்டது.

ஏன் நேரே வானியலுக்குப் போகவில்லை? கேம்பிரிட்ஜில் அன்று வானியல் என்பது கணிதப் பிரிவின் கிளை. சிசிலியா சயன்ஸ் மாணவி. ஆகவே இயற்பியல் பட்டியலில் பெயர். வானியல் வகுப்புகளுக்கு உபரியாகப் போய் உட்கார்ந்து கேட்பது. இப்படித்தான் படிப்பு நடந்தது.

இயற்பியல் என்றால் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம். 1919-ல்தான் ரூதர்ஃபோர்டு அதன் தலைவராக வந்திருந்தார். அணுவின் உட்கருவைக் கண்டுபிடித்த அதே ரூதர்ஃபோர்டு. அவர் வகுப்பில் சிசிலியா ஒருவர்தான் பெண். பெண்கள் முதல் வரிசையில் தனியாக உட்கார வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. ரூதர்ஃபோர்டு தினமும் இந்தப் பெண்ணை நேராகப் பார்த்து, சீமாட்டிகளே சீமான்களே என்ற ரீதியில் அழுத்தம் திருத்தமாக வகுப்பைத் தொடங்குவார். பின்னால் இருக்கும் பையன்கள் மொத்தப் பேரும் கைதட்டி, காலால் தரையை உதைத்து ரகளை செய்வார்கள். தினமும்! பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளாதா என்று அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்கிறது. பிற்காலத்தில் அவரே பெரிய பேராசிரியர் ஆன பிறகும், ஒரு சொற்பொழிவு அரங்குக்குள் நுழைந்தால் கால்கள் தானாகக் கடைசி வரிசைக்குத்தான் போகுமாம். ரூதர்ஃபோர்டின் பெருமைக்கு இதனால் ஒன்றும் குறைவில்லை. ஆனால் கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு நாம் அடித்த கமெண்ட்டுகள் முன் பெஞ்சில் போய் எப்படி விழுந்தன என்று யோசித்துப் பார்க்கலாம்.

லேப் மட்டும் தேவலையா என்றால், அங்கே சியர்ல் என்றொரு ஆசிரியர். செய்முறை வகுப்புகளை ஐம்பது வருஷத்துக்கு மேல் நடத்திய மகா கண்டிப்பான மனிதர். பெண்கள் இடுப்பில் அணியும் உள்கச்சில் எஃகுப் பட்டைகள் இருக்கும் காலம் அது. மாணவிகள் பக்கத்தில் வந்தால் காந்தமானியின் முள் கலைந்துவிடுகிறது என்று அவருக்குச் சந்தேகம். போய்க் கழற்றிவிட்டு வா என்று சத்தம் போடுவாராம். பௌதிக ரீதியாக அவர் கவலையில் நியாயம் இருக்கலாம். மற்றபடி என்ன சொல்ல! இத்தனைக்கும், அளக்கும்போது எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்கள் பயின்ற இடமும் அதே லேப்தான்.

ஒரு நாள் ராத்திரி பல்கலைக்கழக வானாய்வகத்தில் பொதுமக்களுக்கு நட்சத்திரம் காட்டினார்கள். அங்கே போன சிசிலியா கேட்ட கேள்விகளைத் தாங்க முடியாமல் உதவியாளர் ஓடிப்போய் எடிங்டனிடமே முறையிட்டார். எடிங்டன் வந்தார். தான் வானியலாளர் ஆக விரும்புவதாக இந்தப் பெண் சொல்ல, தாண்ட முடியாத தடை எதுவும் தனக்குத் தெரியவில்லை என்றார் அவர். பெரிய ஊக்கம் என்று சொல்ல முடியாது. சிசிலியாவுக்கு அதுவே போதும். வானாய்வகத்தின் நூலகம் திறந்துவிடப்பட்டது.

எடிங்டன் பயிற்சிக்காக ஒரு கணக்கும் கொடுத்தார். ஒரு நட்சத்திரத்தின் மையத்தில் வெப்பநிலை, அழுத்தம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து படிப்படியாக வெளிநோக்கிக் கணக்கிட்டு மேற்பரப்பு வரை வர வேண்டும். கால்குலேட்டர் இல்லாத காலம். கணக்கு போய்க்கொண்டே இருக்கிறது. வெளியே வருவதற்குள் எண்கள் கைமீறிப் போகின்றன. கனவில்கூட அவர் திருவாதிரை நட்சத்திரத்தின் நடு மையத்தில் நின்றாராம். அங்கிருந்து பார்த்தால் விடை தெளிவாகத் தெரிந்தது, விடிந்தால் தெரியவில்லை. கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு எடிங்டனிடம் போய் நின்றார். அவர் சிரித்துக்கொண்டே, தானும் பல வருஷமாக அதே கணக்கோடுதான் மல்லாடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அசைன்மென்ட் என்றால் இது அசைன்மென்ட்!

1923-ல் படிப்பு முடிந்தது. பட்டம்? கிடையாது. பெண்கள் வகுப்புக்கு வரலாம், லேப் செய்யலாம், பரீட்சை எழுதலாம். பட்டம் மட்டும் ஆண்களுக்குத்தான். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது 1948-ல். இங்கிலாந்தில் இருந்தால் பள்ளி ஆசிரியை வேலைக்கு மேல் வழி இல்லை என்று தெரிந்தது. அமெரிக்காவில் ஹார்வர்டு வானாய்வகத்தின் தலைவர் ஹார்லோ ஷேப்லி லண்டன் வந்தபோது அவரைச் சந்தித்துப் பேசியிருந்தார். பெண்களுக்கென்று அங்கே ஒரு ஃபெல்லோஷிப் இருந்தது. அது கிடைத்து, 1923-ல் கப்பல் ஏறினார்.

ஹார்வர்டில் இருந்த சொத்து, கண்ணாடித் தகடுகள். தொலைநோக்கியின் முன்னால் பட்டகம் வைத்து, ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களின் நிறமாலைகளைப் படமாகப் பிடித்துப் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆனி ஜம்ப் கேனன் என்ற அம்மையார் அவற்றைத் தன் கண்ணாலேயே பார்த்துப் பார்த்து, 2,25,300 நட்சத்திரங்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வகை பிரித்தார். ஆனால் ஒரு வகையில் ஹைட்ரஜன் வரி தடித்து இருக்கிறது, இன்னொன்றில் கால்சியம் வரி தடித்து இருக்கிறது, ஏன் என்பதற்கு அந்தத் தகடுகளில் பதில் இல்லை.

பதில் கல்கத்தாவிலிருந்து வந்தது. டாக்கா பக்கம் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த மேக்நாத் சாஹா, 1920-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சமன்பாடு தந்தார். சூடு ஏற ஏற அணுக்கள் எலக்ட்ரான்களை இழந்து அயனிகள் ஆகின்றன. எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில், எத்தனை பங்கு அயனி ஆகும் என்று அந்தச் சமன்பாடு சொல்லிவிடும். கேம்பிரிட்ஜில் ஃபௌலரும் மில்னும் அதை மேலும் செப்பனிட்டார்கள். (இதே ஃபௌலரிடம்தான் 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் போய்ச் சேர்ந்தார்.) சிசிலியா கப்பல் ஏறுமுன் மில்ன் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். தனக்கு இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால், சாஹாவின் கொள்கையைச் சோதிக்கும் அளவீடுகளைத் தேடித்தான் போவேன் என்றார்.

யோசித்துப் பாருங்கள். கல்கத்தாவில் சமன்பாடு இருக்கிறது, தகடுகள் இல்லை. ஹார்வர்டில் தகடுகள் இருக்கின்றன, சமன்பாடு தெரிந்தவர் இல்லை. கேவண்டிஷில் அணு இயற்பியல் படித்துவிட்டு, ஹார்வர்டின் தகட்டு அறைக்குள் நுழைந்தவர் இந்த ஒரு பெண்தான். முதல் வரிசையில் கூனிக் குறுகி உட்கார்ந்து கேட்ட பாடம் இங்கே கைகொடுத்தது.

ஷேப்லிக்கு வேறு எண்ணம். சில வருஷம் முன் இறந்துபோன ஹென்ரியட்டா லீவிட் விட்டுச் சென்ற ஒளி அளவை வேலையை இவர் தொடர வேண்டும் என்று நினைத்தார். லீவிட்டின் மேஜையையே கொடுத்தார். சிசிலியா நிறமாலைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார். லீவிட்டின் ஆவி நடுநிசியில் விளக்கேற்றி உலவுவதாக அங்கே ஒரு பேச்சு கிளம்பியதாம். ராப்பகலாக விளக்கு எரிய உட்கார்ந்திருந்தது சிசிலியாதான். எந்த ஹாஸ்டலிலும் இப்படி ஒரு பேய்க்கதை இருக்கும். விசாரித்தால் அங்கே யாரோ ஒருவர் படித்துக்கொண்டிருந்திருப்பார்.

வேலை என்னவென்றால், தகட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியும் எவ்வளவு கறுப்பு என்று கண்ணால் மதிப்பிடுவது. ஒரு தனிமத்தின் வரி எந்த வகை நட்சத்திரத்தில் முதலில் தலைகாட்டுகிறது, எதில் உச்சம், எதில் மறைகிறது என்று குறித்துக்கொண்டே போவது. சிலிக்கான் முதலில் பிடிபட்டது. எலக்ட்ரான் இழக்காத சிலிக்கான், ஒன்று இழந்தது, இரண்டு இழந்தது, மூன்று இழந்தது என்று நான்கு நிலைகளின் வரிகளும் அடுத்தடுத்த வகை நட்சத்திரங்களில் சாஹா சொன்ன ஒழுங்கில் கிடைத்தன. வெப்பநிலை அளவுகோல் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி: எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது?

இங்கேதான் பெரிய விஷயம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சூரியனின் நிறமாலையில் கால்சியம் வரிகள் இரண்டு மிகவும் தடித்தவை. ஹைட்ரஜன் வரிகள் அத்தனை தடிமன் இல்லை. வரியின் தடிமனை வைத்து அளவைச் சொன்னால் கால்சியம் அதிகம், ஹைட்ரஜன் குறைவு என்றுதானே தோன்றும்? அப்படிச் சொல்லக்கூடாது என்பதுதான் சாஹா சமன்பாட்டின் பாடம். கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் வரிகளை உண்டாக்குவது எல்லா ஹைட்ரஜன் அணுக்களும் அல்ல. எலக்ட்ரான் இரண்டாம் படிக்கு ஏறி நிற்கும் அணுக்கள் மட்டுமே. சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,800 கெல்வின். அந்தச் சூட்டில் இரண்டாம் படியில் இருப்பவை எத்தனை என்று இன்று கால்குலேட்டரில் போட்டால், ஏறக்குறைய 20 கோடிக்கு ஒன்று வருகிறது. கால்சியத்துக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பெரும்பாலானவை ஓர் எலக்ட்ரானை இழந்து, அந்த இரண்டு வரிகளை உண்டாக்கத் தயாராகவே நிற்கின்றன.

ஜங்ஷனில் ஒரு ரயில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கோடிப் பேருக்கு ஒருவர்தான் இறங்குவார் என்று தெரியும். அப்படியும் பிளாட்பாரத்தில் கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. அப்படியென்றால் ரயிலுக்குள்ளே எத்தனை பேர் இருக்க வேண்டும்? ஹைட்ரஜன் கதை அதுதான். சிசிலியாவின் கணக்கில் ஹைட்ரஜன், உலோகங்களைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வந்தது. ஹீலியமும் ஏராளம். மற்ற தனிமங்கள் எல்லாம் ஏறக்குறைய பூமியில் உள்ள விகிதத்திலேயே இருந்தன.

அன்றைய நம்பிக்கை வேறு. சூரிய நிறமாலையில் பூமியின் தனிமங்களே தெரிகின்றன. ஆகவே பூமியை அந்த அளவு சூடாக்கினால் சூரியன் மாதிரியே தெரியும் என்று ரௌலண்ட் போன்ற பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அதை நம்பியவர்களில் முக்கியமானவர் பிரின்ஸ்டனின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல். அமெரிக்க வானியலில் அவர் வைத்ததுதான் சட்டம். ஷேப்லி அவருடைய மாணவர். அதாவது சிசிலியாவின் கைடுக்கே கைடு. ஆய்வேட்டின் வரைவை ஷேப்லி அவருக்கு அனுப்பினார். 1925 ஜனவரியில் பதில் வந்தது. மற்றதெல்லாம் பிரமாதம், ஹைட்ரஜன் உலோகங்களைவிடப் பத்து லட்சம் மடங்கு இருப்பது மட்டும் நடக்கவே முடியாத காரியம் என்று எழுதியிருந்தார்.

பட்டம் இல்லாமல் வந்த, அந்நிய தேசத்துப் பெண். ரஸ்ஸல் தலையசைத்தால் வேலை, அசைக்காவிட்டால் இல்லை. அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கட்டம் இது. சிசிலியா பணிந்தார். இந்த இரண்டு தனிமங்களுக்கும் கிடைத்திருக்கும் பிரம்மாண்டமான அளவு அநேகமாக நிஜமல்ல என்று ஆய்வேட்டில் எழுதினார்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அட்டவணையில் உள்ள எண்ணை அவர் மாற்றவில்லை. ஹைட்ரஜனுக்கு என்ன வந்ததோ அதுவே அச்சில் இருக்கிறது; ஹீலியத்துக்கும் அப்படியே. விளக்கம் எழுதிய வாக்கியம் பணிந்தது, ரீடிங் பணியவில்லை. 5893-ஐ வரவழைக்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இதன் அருமை புரியும். எண்ணை அவர் திருத்தியிருந்தால் பின்னால் வந்தவர்களுக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

1925-ல் அந்த ஆய்வேடு நூலாகவே வெளிவந்தது. ஹார்வர்டு அப்போது பெண்களுக்கு டாக்டர் பட்டம் தருவதில்லை. பட்டம் கொடுத்தது பக்கத்திலிருந்த ரேட்கிளிஃப் பெண்கள் கல்லூரி. நாலு வருஷம் கழித்து, 1929-ல், ரஸ்ஸல் வேறு வழியில் கணக்கிட்டு அதே முடிவுக்கு வந்தார். சூரியனில் ஹைட்ரஜன்தான் மிகுதி என்று எழுதினார். சிசிலியாவின் எண்களோடு தன் எண்கள் ஒத்துப்போவதையும் குறிப்பிட்டார். அந்த வகையில் மனுஷர் கண்ணியமானவர்தான். ஆனாலும் பேர் பல காலம் அவருக்கே போய்ச் சேர்ந்தது. எடையில் பார்த்தால் சூரியனில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஹைட்ரஜன், மிச்சத்தில் கிட்டத்தட்ட எல்லாமே ஹீலியம் என்பது இன்று பள்ளிப் பாடம். பின்னாளில் வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ, வானியலில் எழுதப்பட்ட டாக்டர் பட்ட ஆய்வேடுகளிலேயே தலைசிறந்தது இதுதான் என்று தீர்ப்பு எழுதினார்.

ரஸ்ஸல் மீது சிசிலியா பழி போடவில்லை. தான் சரி என்று தெரிந்தும் பெரியவர் வார்த்தைக்கு வளைந்து கொடுத்தது தன் தப்பு என்றே சொல்லி வந்தார். எனக்கென்னவோ இது அவர் தன் மீதே போட்டுக்கொண்ட அதிகப்படியான அபராதம் என்று தோன்றுகிறது.

அதன் பிறகான வாழ்க்கை நீண்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்வர்டில் பாடம் நடத்தினார். ஆனால் அவர் நடத்திய வகுப்புகள் 1945 வரை பல்கலைக்கழகத்தின் பாடப் பட்டியலிலேயே இல்லை. சம்பளம் எந்தக் கணக்கில் வந்தது தெரியுமா? தளவாடச் செலவு! தொலைநோக்கி, மேஜை, நாற்காலி, சிசிலியா பெய்ன். 1933-ல் ஜெர்மனி போனபோது செர்கே கபோஷ்கின் என்ற நாடற்ற ரஷ்ய வானியலாளரைச் சந்தித்து, அவர் அமெரிக்கா வர வழி செய்தார். மறு வருஷம் இருவருக்கும் கல்யாணம். மூன்று குழந்தைகள். இருவருமாக மாறொளிர் விண்மீன்களை ஆராய்ந்தார்கள். உதவியாளர்களோடு சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் அளவீடுகளுக்கு மேல் எடுத்தார்கள். அதே பழைய தகடுகள், அதே கண்.

1956-ல் ஹார்வர்டு அவரைப் பேராசிரியர் ஆக்கி, வானியல் துறைத் தலைமையையும் கொடுத்தது. ஆசிரியர் குழுவிலிருந்து பதவி உயர்வு பெற்று அங்கே முழுப் பேராசிரியர் ஆன முதல் பெண் அவர். வேற்றுலக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய ஃபிராங்க் டிரேக் போன்றவர்கள் அவரிடம் படித்தவர்கள். 1966-ல் ஓய்வு. 1976-ல் அமெரிக்க வானியல் சங்கம் தன் உயர்ந்த பரிசை அவருக்குக் கொடுத்தது. பரிசின் பெயர், ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் பரிசு! 1979 டிசம்பர் 7-ம் தேதி சிசிலியா காலமானார்.

அவர் எழுதி வைத்த சுயசரிதையை மகள் கேத்தரின் பதிப்பித்து, 1984-ல் புத்தகமாக வந்தது. வெளியிட்டது, அவருக்குப் பட்டம் கொடுக்காத கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அச்சகம். எங்கள் செட் சார்பில் நம் கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்கிறோம். இயற்பியல் அலமாரியில் இருக்கும். எடுத்துப் படிக்கும் தம்பி தங்கைகள் தேதிக்குத் திருப்பிக் கொடுத்துவிடவும். அடுத்து ஆள் காத்திருக்கக்கூடும்.